ஐந்து சிலுவைகள் பொறித்த மேடை வாள்: ஒரு மதிப்புரை

புதுச்சேரியில் கப்ஸ் கோயில் என்று ஊரார் அழைக்கும் தேவாலயத்துக்கு எதிரே ழான் தார்க்கின் சிலை ஒன்று நிற்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரை எதிர்த்துப் பிரெஞ்சுப் படையோடு போருக்குப் போன இளம்பெண் அவர்; ஆங்கிலத்தின் வழியே வரலாறு படித்தவர்கள் அவரை ஜோன் ஆஃப் ஆர்க் என்று அறிவார்கள். அந்தச் சிலையைப் பார்த்து வளர்ந்த எங்கள் சிறிய நாடகக் குழு, 1431ஆம் ஆண்டு ருவான் நகரில் அவர்மீது நடந்த விசாரணையை மையமாக வைத்துத் தமிழில் ஒரு நாடகத்தை எழுதி மேடையேற்றியது. குழுவின் மேடைப் பொருள்களுக்குப் பொறுப்பாளன் என்ற முறையில், கதாநாயகிக்கான வாளைத் தேடி வாங்கும் வேலை என்னிடம் வந்தது. ஐரோப்பியப் பழங்கால ஆயுதங்களின் நகல்களைச் செய்து விற்கும் வட இந்தியப் பட்டறை ஒன்றிலிருந்து வாங்கிய அந்த வாள், ஏழு மாதங்களில் இருபதுக்கும் மேற்பட்ட ஒத்திகைகளையும் ஆறு மேடையேற்றங்களையும் கண்டுவிட்டது. பெட்டியைப் பிரித்த அன்றே எழுதியிருந்தால் வேறு விதமாக எழுதியிருப்பேன்.

மேடை வாள் என்றதும் நம்மில் பலருக்கு அட்டைக்கத்திதான் நினைவுக்கு வரும். பலகையை வாள் வடிவில் அறுத்து வெள்ளித்தாள் ஒட்டும் வழக்கத்தில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. தொலைவில் அமர்ந்திருப்பவர்களுக்கு அது போதும், அடித்தாலும் பெரிய காயம் ஏற்படாது. ஆனால் எங்கள் நாடகம் நடப்பது சிறிய அரங்கில். முதல் வரிசைக்கும் மேடைக்கும் இடையே நான்கு அடி கூட இல்லை. அந்த நெருக்கத்தில் வெள்ளித்தாளின் சுருக்கம் தெரியும். அதைவிட முக்கியமாக, கனமில்லாத பொருளைக் கனமாகத் தூக்குவதுபோல் நடிக்கும் கையின் பொய் தெரியும். இதற்கு முன் அலுமினிய வாள் ஒன்றை வாங்கி வைத்திருந்தோம். இரண்டு வாள்கள் மோதும்போது அதில் எழுந்தது தகர டப்பாவைத் தட்டிய ஓசை. எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியத்துக்கு உண்டு என்பதால், வலிமைக்காக அதன் அலகைத் தடியாகச் செய்ய வேண்டியிருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் வாள் என்பதைவிடச் சட்டம் என்றே சொல்லத் தோன்றும். ஆகவே இம்முறை எஃகு என்று முடிவு செய்தோம்.

விற்பனையாளரின் விளம்பரத்தில் இது "ழான் தார்க்கின் வாளின் அச்சு அசலான நகல்" என்று சொல்லப்பட்டிருந்தது. இந்த இடத்தில் சற்று நின்றாக வேண்டும், ஏனெனில் நகல் எடுப்பதற்கு அசல் என்று எதுவும் இன்று நம்மிடம் இல்லை. அந்த வாளைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் முக்கியமானவை விசாரணைப் பதிவில் அவரே சொன்னவை. தூர் அல்லது ஷினோன் நகரத்தில் இருந்தபோது, சேந்த் கத்ரீன் தெ ஃபியெர்புவா என்னும் ஊரின் ஆலயத்தில் பீடத்துக்கு அருகே மண்ணுக்குள் ஒரு வாள் இருப்பதாகத் தமக்குக் கேட்ட தெய்வீகக் குரல்கள் அறிவித்தன என்றும், அதை எடுத்து வரத் தூரிலிருந்து ஆயுத வணிகர் ஒருவர் சென்றார் என்றும், வாள் துருப்பிடித்திருந்தது, அதன்மேல் ஐந்து சிலுவைகள் இருந்தன, தேய்த்ததும் துரு எளிதாக உதிர்ந்தது என்றும் அவர் நீதிபதிகளிடம் கூறினார். அலகின் நீளம், கைப்பிடியின் முனையில் இருக்கும் குமிழின் வடிவம், சிலுவைகள் இருந்த இடம் என எதுவும் அதில் இல்லை. பின்னாளில் அந்த வாள் என்ன ஆயிற்று என்று கேட்டபோது, அது இந்த வழக்குக்குத் தொடர்பில்லாதது என்று பதில் சொல்ல மறுத்துவிட்டார். எனவே எந்தப் பட்டறை "அச்சு அசல்" என்று சொன்னாலும் அது அந்தப் பட்டறையின் ஊகம்தான்.

ஊகம் என்றாலும் அதில் நல்ல ஊகம், மோசமான ஊகம் என்று உண்டு. இந்த வாளின் அடிப்படை வடிவம் நல்ல ஊகம் என்றே சொல்வேன். ழான் வாழ்ந்த பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தகட்டுக் கவசத்தின் இடுக்குகளில் குத்துவதற்காகக் கூர்மையாகக் குறுகிச் செல்லும், நடுவில் முதுகெலும்புபோல் மேடு கொண்ட வாள்கள் பரவலாக இருந்தன. இந்தப் பட்டறையோ அகலமான, இரு பக்கமும் ஏறத்தாழ இணையாகச் செல்லும், அலகின் மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்கு நடுவில் பள்ளம் ஓடும் பழைய வடிவத்தைத் தேர்ந்திருக்கிறது. இடைக்கால வாள்களை வகைப்படுத்திய ஆங்கிலேய ஆய்வாளர் ஈவார்ட் ஓக்‌ஷாட்டின் பட்டியலில் இது பன்னிரண்டாம் வகைக்கு நெருக்கமானது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்லலாம். முதலில் இதைப் பிழை என்றே எண்ணினேன். ஆனால் மண்ணுக்குள் துருவேறிக் கிடந்த வாள் அக்காலத்துக்குப் புதியதாக இருந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை அல்லவா? எட்டாம் நூற்றாண்டின் பிராங்கியத் தலைவர் ஷார்ல் மர்த்தெல் காணிக்கையாக வைத்த வாள் அது என்று கர்ணபரம்பரைக் கதை கூட இருக்கிறது. கதையை நம்பத் தேவையில்லை. பழைய வாள் என்ற எண்ணம் மட்டும் பொருந்துகிறது.

மோசமான ஊகங்கள் அலங்காரத்தில் இருக்கின்றன. அலகின் மேற்பகுதியில் ஐந்து சிலுவைகளை வரிசையாகப் பொறித்திருக்கிறார்கள், அது இருக்கட்டும். அதற்குக் கீழே "ஏசு மரியா" என்று பழைய எழுத்தில் பொறித்திருப்பதுதான் தவறு. அந்தச் சொற்கள் அவரது கொடியில் இருந்தவை. விசாரணையில் கொடியைப் பற்றிய கேள்விக்கு அவரே அவ்வாறு பதில் அளித்திருக்கிறார். வாளில் அவை இருந்ததாக அவர் சொல்லவில்லை. வாளையும் கொடியையும் குழப்பிக்கொள்வது இந்தப் பெண்ணின் விஷயத்தில் சிறிய பிழை ஆகாது. வாளைவிடக் கொடியைத் தாம் நாற்பது மடங்கு அதிகமாக நேசித்ததாகவும், யாரையும் கொல்ல நேரக்கூடாது என்பதற்காகவே போரில் கொடியைத் தாமே ஏந்தியதாகவும் சொன்னவர் அவர். குமிழில் பிரெஞ்சு அரசர்களின் லில்லி மலரையும் சேர்த்திருக்கிறார்கள். அதை மெல்லிய கறுப்புப் பூச்சால் மறைத்துவிட்டேன். அலகின் எழுத்தை மறைக்க வழியில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து அது வெறும் கீறலாகத்தான் தெரிகிறது என்பதே ஆறுதல்.

இனி கையில் எடுப்போம். வாளின் மொத்த நீளம் 92 சென்டிமீட்டர், அலகு மட்டும் 76 சென்டிமீட்டர், அலகுக்கும் கைப்பிடிக்கும் இடையே உள்ள குறுக்குத் தடுப்பின் அகலம் 17 சென்டிமீட்டர். விளம்பரத்தில் எடை 1.2 கிலோ என்றிருந்தது. மளிகைக் கடைத் தராசில் வைத்தபோது 1 கிலோ 340 கிராம் காட்டியது. இடைக்கால வாள் என்றால் பத்துப் பதினைந்து கிலோ இருக்கும் என்று எங்கள் குழுவிலேயே சிலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு பொருளை நாள் முழுவதும் எவராலும் வீச முடியாது. அருங்காட்சியகங்களில் உள்ள ஒற்றைக் கை வாள்கள் பெரும்பாலும் ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரைதான் இருக்கின்றன. அந்த அளவில் எடை சரிதான். சிக்கல் எடையில் இல்லை, எடை எங்கே நிற்கிறது என்பதில் இருந்தது.

வாளை ஒரு விரலின்மேல் கிடைமட்டமாக வைத்தால் சாயாமல் நிற்கும் புள்ளிதான் அதன் சமநிலை. அது தடுப்பை ஒட்டி இருந்தால் வாள் கைக்குக் கட்டுப்படும். முனையை நோக்கி நகர்ந்தால் வீசிய வீச்சை நிறுத்த முடியாமல் வாள் நம்மை இழுத்துச் செல்லும். சண்டைக் காட்சியில் வீச்சை நிறுத்துவதுதான் முழுக் கலையும். எதிராளியின் உடலை நோக்கி அல்ல, அதற்குச் சற்று வெளியே குறிவைத்து, குறித்த இடத்தில் நிறுத்த வேண்டும். இந்த வாளின் சமநிலை தடுப்பிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. நாயகியாக நடித்த கல்லூரி மாணவி இரண்டாம் நாள் ஒத்திகையிலேயே, "அண்ணா, இது நான் சொல்றத கேக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டார். அவருடைய மணிக்கட்டில் குறை இல்லை, குமிழில்தான் குறை. சக்கர வடிவில் பார்ப்பதற்கு அழகாக இருந்த அந்தக் குமிழ், அலகின் கனத்துக்கு ஈடுகொடுக்க முடியாத அளவுக்கு மெல்லியதாக இருந்தது. நெல்லித்தோப்பில் உள்ள லேத் பட்டறையில் அதே வடிவில், ஆனால் 120 கிராம் கூடுதலாக, புதிய குமிழ் கடைந்து பொருத்தினோம். சமநிலை 13 சென்டிமீட்டருக்குள் வந்தது. வாளின் மொத்த எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவை எட்டியும், மாணவி அதைக் கையில் வாங்கி இரண்டு முறை சுழற்றிவிட்டு, எடையைக் குறைத்துவிட்டோமா என்று கேட்டார். பத்து சென்டிமீட்டரை ஒட்டி இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அதைப் பட்டறையே செய்து அனுப்பியிருக்க வேண்டும்.

அலகைப் பற்றிச் சொல்ல எனக்கு மகிழ்ச்சி. லாரிகளின் அடியில் இருக்கும் பட்டை ஸ்பிரிங்குக்குப் பயன்படும் வகை எஃகில் செய்திருக்கிறார்கள். நம் ஊர்க் கொல்லுப்பட்டறைகளில் லாரிப் பட்டையை வெட்டி அரிவாள் அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த எஃகின் குணம் தெரியும்: வளைத்தால் வளைந்து, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். அலங்காரத்துக்கென்று துருப்பிடிக்காத எஃகில் செய்து சுவரில் மாட்டும் வாள்கள் பளபளப்பாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் நீண்ட அலகுக்கு அந்த எஃகு உடையும் தன்மை கொண்டது. மோதலில் முறிந்து பறக்கும் துண்டு முதல் வரிசையில் யார் கண்ணில் படும் என்று யாராலும் சொல்ல முடியாது. சுவர் வாளை ஒருபோதும் சண்டைக்கு எடுக்காதீர்கள். எங்கள் வாளின் விளிம்பு இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் மழுங்கலாக இருக்கிறது. முனை நாணயத்தின் விளிம்புபோல் உருட்டப்பட்டிருக்கிறது. அலகின் நடுவில் ஓடும் பள்ளத்தை இரத்தம் வழிவதற்கானது என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. வலிமையைக் குறைக்காமல் எடையைக் குறைப்பதே அதன் வேலை, இந்த அலகிலும் அந்த வேலையைச் செய்கிறது.

மழுங்கலான விளிம்பு மழுங்கலாகவே இருக்காது என்பதை மட்டும் வாங்குபவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். விளிம்போடு விளிம்பு மோதும்போதெல்லாம் சிறு சிறு வெட்டுகள் விழுந்து, அவற்றின் ஓரத்தில் ஊசிபோல் பிசிறு எழும்பும். அந்தப் பிசிறு தோலைக் கிழிக்கும். ழானின் எதிரணியான பர்கண்டியப் படையின் வீரராக எங்கள் நாடகத்தில் நடித்த ஒருவரின் உள்ளங்கை அதற்குச் சாட்சி. ஒவ்வோர் ஒத்திகைக்குப் பிறகும் விளிம்பை விரலால் அல்ல, பழைய துணியால் வருடிப் பார்த்து, துணி மாட்டும் இடங்களில் அரத்தால் ராவிவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை.

கைப்பிடியில்தான் இந்த வாள் என்னை மிகவும் ஏமாற்றியது. அலகின் தொடர்ச்சியாகக் கைப்பிடிக்குள் செல்லும் இரும்புக் காம்பு நல்ல அகலத்தோடு, ஒட்டு வேலை இல்லாமல் ஒரே துண்டாக இருக்கிறது. லேத் பட்டறையில் பிரித்துப் பார்த்தபோது அதைக் கண்ணால் கண்டு நிம்மதி அடைந்தேன். மலிவான வாள்களில் மெல்லிய கம்பியைக் காம்பாகப் பற்றவைத்திருப்பார்கள். என்றாவது ஒரு நாள் வீச்சின் நடுவில் அலகு தனியே பறந்துவிடும். இங்கே அந்த ஆபத்து இல்லை. ஆனால் பழைய வாள்களில் காம்பின் முனையைக் குமிழுக்கு வெளியே நீட்டி, காய்ச்சி அடித்து, ஆணித்தலைபோல் பரப்பிவிடுவார்கள். பிறகு அது தளரவே தளராது. இதில் காம்பின் முனையில் மரை போட்டுக் குமிழைத் திருகியிருந்தார்கள், அவ்வளவுதான். நன்றாக உலராத மரத்தைக் கைப்பிடிக்குப் பயன்படுத்தியதால், மூன்றாவது வாரத்தில் மரம் சுருங்கி, தடுப்புக்கும் பிடிக்கும் இடையே இடைவெளி விழுந்து, வாள் லொடலொடவென்று ஆடத் தொடங்கியது. ஒரு ஒத்திகையில் நாயகி வாளை உயர்த்திச் சபதம் சொல்லும் இடத்தில் சபதத்தைவிட அந்த ஓசைதான் நன்றாகக் கேட்டது. தடுப்புக்கு அடியில் தோல் வளையம் ஒன்றை வெட்டி வைத்து, மரையில் தளராமல் பிடிக்கும் பசையை இட்டு முறுக்கிய பிறகு இன்றுவரை ஆடவில்லை. வியர்வையில் வழுக்கிய தோல் உறைக்கு மேல் பருத்தி நூலைச் சுற்றியதும் பிடிமானம் சரியாகிவிட்டது. பட்டறைக்கு எழுதியபோது, "அவ்வப்போது முறுக்கிக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. சுவரில் தொங்கும் வாளுக்கு அந்தப் பதில் போதும். மேடையில் வீசும் வாளுக்குப் போதாது.

வாளோடு வந்த உறையைப் பற்றி இரண்டு செய்திகள். முதலாவது, அதன் நிறம் சிவப்பு. ஃபியெர்புவா குருமார்களும் தூர் நகரத்தாரும் அந்த வாளுக்கு உறைகள் தந்ததையும், அவற்றில் ஒன்று சிவப்பு வெல்வெட்டிலும் மற்றொன்று பொன் இழைத் துணியிலும் இருந்ததையும், அவை போதாதென்று தாமே உறுதியான தோலில் ஒன்று செய்துகொண்டதையும் ழான் சொல்லியிருக்கிறார். போருக்குப் போனவர் தோல் உறையைத் தேடியதில் வியப்பில்லை. பட்டறைக்காரர்கள் இதைப் படித்துவிட்டுத்தான் சிவப்பைத் தேர்ந்தார்கள் என்று எண்ண ஆசைப்படுகிறேன். ஆனால் மரச் சட்டத்தின்மேல் ஒட்டியிருந்தது ரெக்சின். விளக்கொளியில் ஆட்டோ இருக்கைபோல் மின்னியது. இரவிக்கைத் துணிக் கடையில் அரை மீட்டர் வெல்வெட் வாங்கி மேலே ஒட்டினோம். இரண்டாவது செய்தி கவலைக்குரியது: உறையின் வாய் தேவைக்கு அதிகமாக அகன்றிருந்தது. நாயகி பீடத்தின்முன் மண்டியிட்டுத் தலைகுனியும் காட்சியின் ஒத்திகையில் வாள் தானாகவே நழுவி, தரையில் மோதி, அருகில் நின்றவரின் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. உறையின் வாய்க்குள் இருபுறமும் கம்பளித் துணியை ஒட்டிய பின் வாள் இறுக்கமாக அமர்கிறது. உறையோடு வாள் வாங்குபவர்கள் முதல் வேலையாக அதைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கிப் பார்க்கட்டும், கீழே மெத்தையை விரித்துக்கொண்டு.

விளக்கொளியில் அலகின் கண்ணாடிப் பளபளப்பு பார்வையாளர் கண்ணைக் கூசச் செய்தது. மெல்லிய உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்ததும் அடங்கியது.

ஓசைக்குத் தனியாக மதிப்பெண் தருவேன். எஃகும் எஃகும் மோதும்போது எழும் அந்த நீண்ட ரீங்காரத்தை ஒலிப்பதிவில் இருந்து எடுத்து ஓட்டினால் ஒருபோதும் நேரத்துக்கு வந்து சேராது. முதல் மேடையேற்றத்தில் முதல் மோதல் விழுந்தபோது அரங்கில் இருமல் கூட நின்றுபோனது.

எங்கள் நாடகத்தில் வாள் உடையும் காட்சியும் உண்டு. அவருக்கு இழைக்கப்பட்ட தீர்ப்பை மறுபரிசீலனை செய்த 1456ஆம் ஆண்டு விசாரணைக்கு அளித்த சாட்சியத்தில், படையோடு திரிந்த ஒரு பெண்ணைப் பாரிசுக்கு அருகே உள்ள சேன் தெனியில் ழான் உருவிய வாளோடு விரட்டிச் சென்று வாளை உடைத்துவிட்டதாக அவரோடு போரிட்ட அலான்சோன் கோமகன் கூறியிருக்கிறார். அந்தக் காட்சிக்கு இந்த வாளைப் பயன்படுத்தவில்லை, பயன்படுத்தவும் கூடாது. உடையாமல் இருப்பதற்காகவே செய்யப்பட்ட பொருள் இது. அதே அளவில் மரத்தால் இரண்டு துண்டுகளாக ஒரு போலியைச் செய்து, நடுவில் காந்தத்தால் இணைத்து, வர்ணம் பூசினோம். முந்தைய காட்சியில் எஃகின் ஓசையைக் கேட்டிருந்த பார்வையாளர்கள் மரத்தையும் எஃகு என்றே நம்பினார்கள். முடிந்தால் எஃகு வாள் ஒன்றை வாங்கி, ஓடுவது, விழுவது, உடைவது போன்ற காட்சிகளுக்கு அதைப் பார்த்து மரத்தில் ஒன்று செய்துகொள்வதே என் பரிந்துரை.

கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இந்த எஃகு துருப்பிடிக்கும். ஒரே இரவில் விரல் தடங்கள் பழுப்பாக எழுந்ததைப் பார்த்திருக்கிறேன். தேங்காயெண்ணெய் தடவலாம் என்று தோன்றும். நாளானால் பிசுக்குப் பிடித்துத் தூசியை இழுத்துக்கொள்ளும். தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயே நல்லது. வாளை உறைக்குள் வைத்துப் பூட்டாமல் எண்ணெய்த் துணியில் சுற்றித் தனியாக வையுங்கள், உறை ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும். ஃபியெர்புவா காட்சிக்கு மட்டும் நாங்கள் துருவை வேண்டுமென்றே வரவழைக்காமல், காவிப் பொடியை மாவுக் கூழில் குழைத்துப் பூசுகிறோம். மேடையிலேயே துணியால் துடைத்தால், வரலாறு சொல்வதுபோல், எளிதாக உதிர்கிறது.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பொம்மையாக அன்றி வேறு விதமாகப் பயன்படுத்த முடியாத, பயன்படும் ஆயுதமாக மாற்றவும் முடியாத பொருள்களை ஆயுதம் என்ற விளக்கத்திலிருந்து விலக்குகிறது. ஆனால் மழுங்கிய எஃகு வாளைச் சாணை பிடித்தால் என்ன ஆகும் என்று சோதனைச் சாவடியில் நிற்பவர் கேட்டால் நம்மிடம் நல்ல பதில் இல்லை. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமான அலகு கொண்டவை விதிகளின் பட்டியலில் இருப்பதையும் நினைவில் வையுங்கள். நாங்கள் குழுவின் பெயரில் கடிதம் ஒன்றை எழுதிக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே கொடுத்துவிட்டோம்; வாங்கிய ரசீதின் நகலும் நாடகத்தின் அழைப்பிதழும் எப்போதும் வாளோடு பெட்டியில் இருக்கின்றன. இருசக்கர வண்டியில் முதுகில் கட்டிக்கொண்டு போகும் ஆசை குழுவின் இளைஞர்களுக்கு இருக்கிறது. அனுமதிப்பதில்லை.

விலைக்கு வருகிறேன். வாளும் உறையும் 9,400 ரூபாய், அனுப்பும் செலவு 650 ரூபாய். குமிழ், தோல் வளையம், வெல்வெட், பசை என்று நாங்கள் செலவழித்தது இன்னும் 1,900 ரூபாய். ஆக ஏறத்தாழ பன்னிரண்டாயிரத்தில் சண்டைக்குத் தாங்கும் ஒரு வாள் கிடைத்திருக்கிறது. பள்ளி ஆண்டு விழாவுக்கு இது வேண்டாம். அங்கே அட்டைக்கத்தியே அறிவுடைமை. சண்டைப் பயிற்சியாளர் ஒருவரை வைத்துக்கொண்டு, தொடர்ந்து மேடையேறும் குழுவுக்கு இதன் அலகு கொடுத்த விலைக்கு மேலேயே பெறும். கைப்பிடிக்கும் உறைக்கும் கூடுதலாக ஒரு தொகையை முன்பே ஒதுக்கிவையுங்கள்.

பர்கண்டிய வீரருக்காக அதே பட்டறையில் இரண்டாவது வாள் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறோம். தாம் சிறைப்படுவதற்கு முந்தைய நாட்களில் பர்கண்டிய வீரன் ஒருவனிடமிருந்து எடுத்த வாளையே ஏந்தியதாகவும், நன்றாக அறைவதற்கும் அடிப்பதற்கும் அது ஏற்றது என்றும் ழான் சொன்னதால், இந்த முறை அலங்காரம் எதுவும் தேவையில்லை. குமிழைக் கனமாக்கித் தரவும், உலர்ந்த மரத்தில் பிடி போடவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அலகில் சிலுவையும் "ஏசு மரியா"வும் வேண்டாம் என்று எழுதியதற்கு மட்டும், பொறிப்பு இல்லாமல் செய்வது தனி ஆர்டர் என்பதால் 350 ரூபாய் கூடுதலாகும் என்று பதில் வந்திருக்கிறது.